பிரதம நீதியரசரை அனுப்ப 113 கை போதும், ஜனாதிபதிக்கு மட்டும் ஏன் இத்தனை பூட்டு?

அரசறிவியல் மாஸ்ரர் எழுதியது:

வணக்கம் உறவுகளே. உயர்தர வகுப்பில் இந்தக் கிழமை இலங்கை அரசியலமைப்பின் 38 ஆம், 107 ஆம் உறுப்புரைகள். இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கமாக எழுதினேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பி, "சேர், ஜனாதிபதியை எடுக்க இவ்வளவு படி, பிரதம நீதியரசரை எடுக்க இவ்வளவுதானா?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் இருக்கிற பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதுதான் இங்கே கொண்டுவந்தேன்.

ஜனாதிபதிக்கு 38 சொல்வது இது. மொத்தம் 225 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பதவி நீக்கக் குற்றப்பிரேரணையில் கையெழுத்திட வேண்டும். அல்லது அரைவாசிப் பேர் கையெழுத்திட்டு, விசாரிக்கத் தக்க குற்றச்சாட்டுத்தான் என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு சபையில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்கு. அதோடு முடியவில்லை. விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே ஜனாதிபதி தானாகவோ சட்டத்தரணி மூலமோ பதில் சொல்லலாம். நீதிமன்றம் குற்றம் உண்டு என்று அறிக்கை தந்தால்தான் சபை திரும்பக் கூடும், திரும்பவும் 150 வேண்டும்.

நீதியரசருக்கு 107: மூன்றில் ஒரு பங்கு, 75 கையெழுத்து. சபையில் வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட சாதாரணப் பெரும்பான்மை, 113. பிறகு ஜனாதிபதியின் கட்டளை. காரணம் "நிரூபிக்கப்பட்ட துர்நடத்தை அல்லது இயலாமை". யார் நிரூபிப்பது, எப்படி நிரூபிப்பது என்று உறுப்புரை சொல்லவில்லை.

ஒரு ஆட்சிக்குச் சபையில் பெரும்பான்மை இருந்தாலே 113 இருக்கிறது என்றுதானே பொருள்? அப்படியென்றால் அரசாங்கம் நினைத்த நேரம் பிரதம நீதியரசரை அனுப்பலாமா?

கறுப்புக்கோட் எழுதியது:

மாஸ்ரர், நீங்கள் கடைசியில் போட்ட வரிதான் முழுக் கதையும். 107(3) ஐத் திரும்ப வாசியுங்கள். குற்றச்சாட்டை விசாரிப்பது, நிரூபிப்பது, நீதியரசர் தன் பக்கத்தைச் சொல்வது எல்லாவற்றையும் பாராளுமன்றம் "சட்டத்தினால் அல்லது நிலையியற் கட்டளைகளினால்" ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நிலையியற் கட்டளை என்பது சபை தன் நடைமுறைக்குத் தானே எழுதிக்கொள்ளும் விதி. அந்த "அல்லது" வழியாக ஒரு லொறியே போகலாம்.

1978 இல் அரசியலமைப்பு வந்தது. விசாரணை முறை என்று எதுவும் 1984 வரை எழுதப்படவில்லை. அந்த வருடம் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் கொழும்பில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் பரிசளிப்பு விழாவில் பேசிய பேச்சு ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசுக்குச் சுட்டது. ஆளை விசாரிக்க வேண்டும், ஆனால் வழி இல்லை. அவசரமாக நிலையியற் கட்டளை 78அ வந்தது. சபாநாயகர் ஏழு உறுப்பினருக்குக் குறையாத தெரிவுக்குழு ஒன்றை அமைக்கலாம், அவ்வளவுதான். முழுப் பேரும் எம்.பி.க்கள். ஒரு நீதிபதிகூட இல்லை. சமரக்கோன் அந்த வருடமே வயது வந்து ஓய்வு பெற்றார், பிரேரணை முடிவுக்கு வரவில்லை. ஆனால் அவருக்காகத் தைத்த சட்டை அலுமாரியில் அப்படியே தொங்கியது.

முல்லைமணி எழுதியது:

அந்தச் சட்டையை 2012 இல் பிரதம நீதியரசராக இருந்த ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு ஏன் போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள் அண்ணை. பிள்ளைகள் "துர்நடத்தை" என்று மட்டும் படித்துவிட்டுப் போகப் போகிறார்கள்.

திவிநெகும சட்டமூலம். சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகாரசபைகளையும் சேர்த்து, பசில் ராஜபக்சவின் அமைச்சின் கீழ் ஒரு திணைக்களம் ஆக்கும் திட்டம். இதில் மாகாணங்களுக்குரிய விடயங்கள் இருக்கின்றன, ஆகவே மாகாண சபைகளைக் கேட்க வேண்டும் என்று 2012 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. ஆளுநர் சபைக்குப் பதிலாகத் தானே சம்மதம் கொடுத்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. மாவை சேனாதிராஜா அதை எதிர்த்து வழக்குப் போட்டார். ஆளுநர் அப்படிக் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. குற்றப்பிரேரணை சபாநாயகர் கைக்குப் போனது நவம்பர் 1 ஆம் திகதி. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

வடமாகாண சபைத் தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. இல்லாத ஒரு சபையின் உரிமைக்காக எழுதிய தீர்ப்பில்தான் அந்தப் பெண்ணின் பதவி ஆட்டம் கண்டது என்பது எங்களில் பலருக்கே இன்றும் தெரியாது.

எட்டாம் கட்டை எழுதியது:

உறுப்புரை, கட்டளை எல்லாம் சரி. சபாநாயகர் யாருடைய அண்ணன் என்று யாராவது கேட்டீர்களா?

கறுப்புக்கோட் எழுதியது:

கேட்டால் இரண்டு விடை வரும் தம்பி.

2012 இல் சபாநாயகர் சமல் ராஜபக்ச, ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் அண்ணன். 2001 இல் சபாநாயகர் அநுர பண்டாரநாயக்க, ஜனாதிபதி சந்திரிகாவின் தம்பி. அப்போது எதிர்க்கட்சி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வாமீது பிரேரணை கொடுத்தது. தெரிவுக்குழு அமைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. சபாநாயகரைக் கட்டுப்படுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அநுர தீர்ப்பளித்தார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஜூலையில் பாராளுமன்றத்தை ஒத்திவைத்துவிட்டார். பிரேரணை அப்படியே படுத்தது. 2012 இல் சமல் ராஜபக்சவுக்குக் கைகொடுத்தது அதே அநுரவின் தீர்ப்புத்தான். அன்று ஆளுங்கட்சிக்குப் பிடித்த நீதியரசரை விசாரிக்க வழி விட்ட தீர்ப்பு, பிறகு ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத நீதியரசரை அனுப்ப உதவியது.

ஷிராணியின் விசாரணை எப்படி நடந்தது என்பதையும் போட்டு விடுகிறேன், மாஸ்ரருக்கு வகுப்புக்கு உதவும். 117 பேர் கையெழுத்து, 14 குற்றச்சாட்டு. குழுவில் பதினொரு பேர்: ஆளுந்தரப்பு ஏழு, எதிர்த்தரப்பு நான்கு. அந்த நால்வரில் ஒருவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா. வாய்மூலச் சாட்சி கூப்பிடப் போவதில்லை என்ற மாதிரிச் சொன்னார்கள். டிசம்பர் 6 ஆம் திகதி சுமார் ஆயிரம் பக்க ஆவணங்களைக் கையில் கொடுத்து, அடுத்த நாளே பதிலோடு வா என்றார்கள். காணி வழக்கில் ஒரு உறுதியைப் பார்க்கவே எங்களுக்கு ஒரு தவணை கிடைக்கும். அவர் சட்டத்தரணிகளோடு எழும்பி வெளியே வந்தார். மறுநாள் எதிர்க்கட்சி நால்வரும் வெளியேறினார்கள். இவர்கள் எல்லோரும் போன பிறகு சாட்சிகள் கூப்பிடப்பட்டார்கள்! 8 ஆம் திகதி அறிக்கை தயார், மூன்று குற்றச்சாட்டு நிரூபணம்.

2013 ஜனவரி தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் பொருள்கோடல் சொன்னது: ஒருவரின் குற்றத்தைத் தீர்மானிப்பது நீதித்துறை அதிகாரம், அதைச் சட்டத்தால் அமைத்த மன்றம்தான் செய்யலாம், நிலையியற் கட்டளையால் அமைத்த குழு செய்ய முடியாது. 7 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் அறிக்கையை இரத்துச் செய்தது. 11 ஆம் திகதி சபை 155 க்கு 49 என்று நிறைவேற்றியது. 13 ஆம் திகதி ஜனாதிபதி ஒப்பம். 15 ஆம் திகதி புதிய பிரதம நீதியரசராக மொஹான் பீரிஸ் சத்தியப்பிரமாணம். இரண்டு நீதிமன்றங்களின் தீர்ப்பு மேசையில் இருக்கவே எல்லாம் ஒரு கிழமைக்குள் முடிந்தது.

எட்டாம் கட்டை எழுதியது:

அந்தக் கிழமை எங்கள் வீட்டு எல்லை வழக்கு தவணையில் இருந்தது. சட்டத்தரணிகள் பகிஷ்கரிப்பு. அம்மா முகம் கழுவிச் சேலை உடுத்து பஸ் பிடித்துப் போய், வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் "ஏன் ஒருவரும் இல்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எதிர்த்தரப்புக்காரரும் அதே பஸ்ஸில்தான் வந்தாராம். இரண்டு பேரும் வழி முழுக்க அரசாங்கத்தை ஏசிக்கொண்டு வந்தார்களாம்.

வைகைக்கரை எழுதியது:

மதுரையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். (நீங்கள் உயர் நீதிமன்றம் என்பதை நாங்கள் உச்ச நீதிமன்றம் என்போம், குழம்பாமல் வாசித்துக்கொள்ளுங்கள்.)

கறுப்புக்கோட் அண்ணன் சொல்கிற ஓட்டையை இந்தியா 1968 இலேயே அடைத்துவிட்டது. அரசியலமைப்பின் 124(4) சொல்லும் காரணமும் அதேதான், நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது திறமையின்மை. ஆனால் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. மக்களவையில் 100 பேர், அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட வேண்டும். அந்த அவையின் தலைவர் ஏற்றுக்கொண்டால் மூவர் குழு: ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதி, ஓர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஒரு சட்ட அறிஞர். எம்.பி. யாரும் கிடையாது. இந்தக் குழு குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்மானம் அங்கேயே முடிந்தது. உண்டு என்றால் இரண்டு அவைகளிலும், ஒரே கூட்டத்தொடரில், மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும் வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டும் வேண்டும்.

படிக்க ரொம்ப அழகாக இருக்கும். நடந்தது வேறு. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி, நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர். பஞ்சாப் ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது சண்டிகரில் அரசு வீட்டுக்கு வாங்கிய தளவாடங்கள், செலவுகள் பற்றிப் புகார். மூவர் குழு முறையாக விசாரித்து, பல குற்றச்சாட்டுகள் உண்மை என்றது. 1993 மே மாதம் மக்களவையில் கபில் சிபல் வந்து அவருக்காக வாதாடினார். வாக்கெடுப்பில் ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். ஆளும் காங்கிரசும் கூட்டாளிகளும் 205 பேர் நடுநிலை. ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமலேயே தீர்மானம் தோற்றுவிட்டது! அவர் ஓய்வு வயது வரை பதவியில் இருந்தார். அப்புறம் 1999 இல் சிவகாசியில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று வைகோவிடம் தோற்றார்.

2011 இல் கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென் விவகாரத்தில் மாநிலங்களவை 189 க்கு 17 என்று நிறைவேற்றியது. மக்களவைக்கு வருமுன் அவரே ராஜினாமா. இப்படிக் கதவு வரைக்கும் வந்து திரும்பியவர்கள்தான் எங்கள் பட்டியல்.

அதனால் மாஸ்டர், சட்டம் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அரசறிவியல் மாஸ்ரர் எழுதியது:

வைகைக்கரை தம்பி, நல்ல தகவல், நன்றி. ஆனால் நீங்கள் எடுத்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் முறை இறுக்கமாக இருந்ததால் தப்ப வேண்டாத ஒருவர் தப்பியிருக்கலாம். இலங்கையில் முறை தளர்ந்து கிடந்ததால் ஒரு தீர்ப்புக்காக ஒரு நீதியரசர் போனார். இரண்டும் பிழைதான். ஆனால் இரண்டாவது பிழையில் மிச்சமிருக்கிற நீதியரசர்கள் அத்தனை பேரும் பாடம் படித்துக்கொள்வார்கள். அடுத்த திவிநெகும வந்தால் பேனையை எடுக்குமுன் யோசிப்பார்கள். முதல் பிழையில் அந்தப் பயம் இல்லை.

இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. 38 இன் நடுவில் யார் நிற்கிறார்கள்? உயர் நீதிமன்றம். ஜனாதிபதி குற்றவாளியா என்று சொல்லப் போகிறவர்கள் அந்த நீதியரசர்கள். அவர்களையோ 113 பேரும் ஜனாதிபதியின் ஒரு கையெழுத்தும் வீட்டுக்கு அனுப்பலாம். 38 இல் எத்தனை பூட்டுப் போட்டாலும் சாவி 107 இல் கிடக்கிறது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நான் சொல்லப் போகும் பதில் இதுதான். இரண்டு உறுப்புரையையும் தனித்தனியாகப் படிப்பித்ததில் பயனில்லை, சேர்த்துத்தான் படிப்பிக்க வேண்டும்.

முல்லைமணி எழுதியது:

மாஸ்ரர், கொஞ்சம் பொறுங்கள். நீதிமன்றத்தை ஒரேயடியாகக் கோயிலாக்க வேண்டாம்.

2010 இல் அரசியலமைப்பின் 18 ஆம் திருத்தம் வந்தது. ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் நிற்கக் கூடாது என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள், சுயாதீன ஆணைக்குழுக்களைப் பல்லில்லாமல் ஆக்கினார்கள். சர்வசன வாக்கெடுப்புத் தேவையில்லை, மூன்றில் இரண்டு போதும் என்று சொன்ன ஐவர் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் இதே ஷிராணி பண்டாரநாயக்கதான். அதற்கு முந்தி 2006 இல் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று சொன்னது சரத் சில்வாவின் நீதிமன்றம். அந்த அமர்வுகளை நாங்கள் மறக்கவில்லை. அவர்களில் ஒருவருக்குக் கடைசியில் அநியாயம் நடந்தது உண்மை, அதை அநியாயம் என்றே சொல்லுவேன். ஆனால் அநியாயம் நடந்த ஆள் எல்லாம் நேற்று வரைக்கும் நியாயமாக இருந்தார் என்று கணக்கெழுத மாட்டேன்.

கறுப்புக்கோட் எழுதியது:

அக்கா சொல்வதில் பிழையில்லை. அதற்காகத்தான் ஆளைப் பார்க்காமல் முறையைப் பார்க்கச் சொல்கிறேன்.

38 என்றைக்காவது வேலை செய்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை கிட்டப் போனது, 1991 ஆகஸ்டில், ஜனாதிபதி பிரேமதாசாமீது. கொண்டுவந்தவர்கள் எதிர்க்கட்சி மட்டுமில்லை, அவருடைய சொந்தக் கட்சியின் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும். இதே லலித்தான் 1984 இல் சமரக்கோனை விசாரித்த குழுவின் தலைவர். சபாநாயகர் எம்.எச். மொஹமட் பிரேரணையை ஏற்றுக்கொண்டதாக ஜனாதிபதிக்கு அறிவித்தார். அப்படி ஏற்ற பிறகு ஜனாதிபதி சபையைக் கலைக்க முடியாது, 70 ஆம் உறுப்புரையில் அது இருக்கிறது. ஆனால் ஒத்திவைக்கலாம்! ஒத்திவைத்தார். அந்த இடைவெளியில் கையெழுத்துகள் கரையத் தொடங்கின. என்னத்தில் கையெழுத்து வைத்தோம் என்றே தெரியாது என்றார்கள் சிலர். ஒக்டோபரில் போதிய கையெழுத்து இல்லை என்று அதே சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார்.

ஆகவே மாஸ்ரர், கலைக்க முடியாது என்று கதவைப் பூட்டியவர்கள் ஒத்திவைப்பு என்ற ஜன்னலைத் திறந்தே வைத்தார்கள். 2001 இல் சந்திரிகா ஏறியதும் அதே ஜன்னல்தான்.

எட்டாம் கட்டை எழுதியது:

2022 இல் கோட்டாபய எந்த உறுப்புரையில் போனார்? 38 உம் இல்லை, 107 உம் இல்லை. விமானத்தில் போனார், சிங்கப்பூரில் இருந்து மின்னஞ்சலில் இராஜினாமா வந்தது.

வைகைக்கரை எழுதியது:

ஒரு சந்தேகம். ஷிராணியைத் திரும்ப உட்கார வைத்தார்களே, அது எந்தப் பிரிவில்?

கறுப்புக்கோட் எழுதியது:

அதுதான் சிக்கல். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. பதவி நீக்கமே சட்டப்படி நடக்கவில்லை, ஆகவே பதவி வெற்றிடமாகவே இல்லை, வெற்றிடமில்லாத பதவிக்கு மொஹான் பீரிசை நியமித்தது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று புதிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கடிதம் கொடுத்தார். ஜனவரி 28 ஷிராணி திரும்ப வந்தார், 29 ஓய்வு பெற்றார், 30 க. ஸ்ரீபவன் பதவியேற்றார். பீரிஸ் கணக்கில் இல்லை என்பதால் ஷிராணி 43 ஆவது பிரதம நீதியரசர், ஸ்ரீபவன் 44 ஆவது.

தமிழர் ஒருவர் பிரதம நீதியரசர் ஆனார் என்று எங்கள் ஆட்கள் பட்டாசு கொளுத்தினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், ஸ்ரீபவன் ஐயா தகுதியான மனிதர். ஆனால் ஒரு பிரதம நீதியரசரைக் குற்றப்பிரேரணையும் இல்லாமல், விசாரணையும் இல்லாமல், ஒரு கடிதத்தில் அனுப்பலாம் என்ற முன்னுதாரணத்தையும் அன்றுதான் போட்டோம்.

முல்லைமணி எழுதியது:

அப்போ என்ன செய்திருக்க வேண்டும்? களவாகக் கொடுத்த கதிரையை 107 இன் படி மரியாதையாக விசாரித்துத்தான் திருப்பி வாங்க வேண்டுமா? இரண்டு நீதிமன்றங்கள் செல்லாது என்று சொன்ன விசாரணை அது. செல்லாததைச் செல்லாது என்று சொல்ல இன்னொரு 113 தேவையில்லை.

கறுப்புக்கோட் எழுதியது:

அக்கா, "செல்லாது" என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம், ஜனாதிபதி செயலகம் இல்லை. மைத்திரி செய்தால் சரி, மகிந்த செய்தால் பிழை என்று நான் எப்படி நீதவானுக்கு முன்னால் நின்று வாதாடுவது?

முல்லைமணி எழுதியது:

நீங்கள் வாதாடுங்கள் அண்ணை. நான் உங்களோடு இதில் ஒத்துவர மாட்டேன்.

அரசறிவியல் மாஸ்ரர் எழுதியது:

சண்டை வேண்டாம். ஒன்று கேட்கிறேன். 2025 ஆகஸ்டில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனை நீக்கினார்களே, 177 க்கு 0. அதுவும் தெரிவுக்குழுவா?

கறுப்புக்கோட் எழுதியது:

இல்லை மாஸ்ரர், இங்கேதான் வேடிக்கை. சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்க 2002 இல் தனிச் சட்டமே போட்டார்கள், 5 ஆம் இலக்கம். சபை விசாரிக்கத் தீர்மானிக்கும், ஆனால் விசாரிப்பது சபை இல்லை. உயர் நீதிமன்ற நீதியரசர் தலைமையில் மூவர் குழு. தென்னக்கோனை விசாரித்தது நீதியரசர் சுரசேன தலைமையிலான குழு, மாதக்கணக்கில் சாட்சி கேட்டது. அவருக்குச் சட்டத்தரணி இருந்தார், குறுக்கு விசாரணை இருந்தது. குழு அறிக்கை வந்த பிறகே சபையில் வாக்கு.

அதாவது பொலிஸ் மா அதிபரை ஒரு நீதியரசர் விசாரிப்பார். நீதியரசரை எம்.பி.மார் விசாரிப்பார்கள். 1968 இல் இந்தியா நீதிபதிகளுக்குச் செய்ததை நாங்கள் 2002 இல் பொலிசுக்குச் செய்தோம். 2015 இல் 19 ஆம் திருத்தம் எழுதியவர்கள் ஷிராணி விவகாரம் ஆறாத சூட்டோடு எழுதியவர்கள், அவர்களும் 107(3) ஐத் தொடவில்லை. கையில் பெரும்பான்மை இருக்கும்போது அந்த "அல்லது" வை வெட்ட எந்தக் கட்சிக்கும் மனம் வராது போல.

வைகைக்கரை எழுதியது:

ஆனால் நிலையியற் கட்டளை போதாது, சட்டம் வேண்டும் என்று உங்கள் உயர் நீதிமன்றமே 2013 இல் சொல்லிவிட்டதே? இனிமேல் அந்த வழியில் யாரும் போக முடியாதுதானே?

கறுப்புக்கோட் எழுதியது:

நானும் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன், பாதிச் சட்டத்தரணிகளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2014 பெப்ரவரியில், மொஹான் பீரிஸ் பிரதம நீதியரசராக இருந்த காலத்தில், சட்டமா அதிபரின் மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பைப் புரட்டியது. நிலையியற் கட்டளையாலும் செய்யலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறதே, பிறகென்ன என்பதுதான் சாரம்.

2015 இல் பீரிசின் நியமனம் செல்லாது என்றார்கள். ஆனால் அவர் காலத்து அமர்வுகள் எழுதிய தீர்ப்புகளை யாரும் தள்ளிவைக்கவில்லை, வைக்கவும் முடியாது. பதவியில் நடைமுறையில் இருந்தவரின் செயல்கள் நிற்கும் என்பது பழைய கோட்பாடு, இல்லாவிட்டால் இரண்டு வருட வழக்குகள் எல்லாம் நடுத்தெருவில் நிற்கும். ஆகவே 2014 தீர்ப்பும் நிற்கிறது. மாஸ்ரர், வகுப்பில் 107 ஐப் படிப்பிக்கும்போது 2013 தீர்ப்போடு நிறுத்திவிடாமல் இதையும் சொல்லுங்கள். பரீட்சையில் வருமோ தெரியாது, பாராளுமன்றத்தில் வரலாம்.